மாறியதை மட்டும் மாற்றுவோம்

(வில்லியனூரில், கணினி பயிலும் மாணவர்களும் ஊர்ப் பொதுப்பணியில் இருப்பவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வலைப்பக்கம் ஒன்றில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் ஒரே ஓர் உருப்படி மாறுகிறது. பக்கம் முழுவதையும் மறுபடி வரவழைக்காமல் அந்த ஒன்றை மட்டும் புதுப்பிப்பது எப்படி? அஜாக்ஸ் என்ற முறையைக் கொண்டு அதைச் செய்வதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் சிக்னல் வந்து வந்து போகும் ஊரில், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் டேட்டா என்று கணக்குப் பார்த்து ரீசார்ஜ் செய்யும் வீட்டில், ஒரு பக்கம் பயன்படுமா படாதா என்பது பெரும்பாலும் இந்தச் சின்ன விஷயத்தில்தான் இருக்கிறது.

இதைப் பேசுவதற்கு வில்லியனூரைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. அஜாக்ஸ் என்ற பெயர் பிறப்பதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, இதே ஊரில் உட்கார்ந்துகொண்டு, மெல்லிய கம்பியில்லா இணைப்பு வழியாகச் சுற்றுப்பட்டு ஊர்களுக்கு அன்றன்றைய செய்தியை அனுப்பியிருக்கிறார்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வில்லியனூர், 1998

1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுவைக் கிராமங்களில் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையம் நிதி கொடுத்தது. வில்லியனூரில் நடு மையம். எம்பலம், கீழூர், வீராம்பட்டினம் போன்ற ஊர்களில் கிராம அறிவு மையங்கள். எம்பலத்தில் கோயிலிலேயே கணினியை வைத்தார்கள்; ஊர்ப் பெண்கள் அதை நடத்தினார்கள். நல்ல தொலைபேசி இணைப்பு இல்லாத அந்தக் காலத்தில் வி.எச்.எஃப். வானொலிக் கருவிகள் வழியாகக் குரலும் போனது, எழுத்தும் போனது. மின்சாரம் நின்றால் கைகொடுக்கச் சூரிய ஒளித் தகடுகளையும் பொருத்தியிருந்தார்கள். 2001-இல் இந்தத் திட்டத்துக்கு ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைத்தது.

நடு மையத்தின் வேலை என்ன? விளைபொருள் விலை, இடுபொருள் விலை, அரசுத் திட்டங்கள், மருத்துவச் செய்தி, வானிலை ஆகியவற்றைத் திரட்டுவது. ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழாக்குவது. எந்த ஊருக்கு எது வேண்டுமோ அதை அந்த ஊருக்கு அனுப்புவது. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு வேண்டியது அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் ஊருக்குச் சொன்னார்கள். அது ஒலிபெருக்கியில் கடற்கரை முழுக்கக் கேட்டது. எத்தனையோ படங்களும் எண்களும் கொண்ட ஓர் இணையதளத்திலிருந்து, படகை இறக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யத் தேவையான ஒரு வரி மட்டும் கரைக்கு வந்து சேர்ந்தது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நாளில் நல்லவாடு ஊரில் நடந்ததும் உங்களுக்குத் தெரியும். சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தார். அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அந்தச் செய்தி உடனே ஒலித்தது. சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊர்; படகுகளும் வீடுகளும் போயின, உயிர்கள் தப்பின. அன்று ஊரைக் காப்பாற்றியது பெரிய அறிக்கை அல்ல. சரியான நேரத்தில், சரியான இடத்துக்கு, எல்லாருக்கும் புரியும் சொற்களில் வந்த ஒரே ஒரு செய்தி.

இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் விதி ஒன்று உண்டு. எதிரே இருப்பவரிடம் ஏற்கெனவே இருப்பதைத் திரும்ப அனுப்பாதே. மாறியதை, மாறிய உடனே, அவருக்குப் புரியும்படி அனுப்பு. இன்றைய என் பேச்சு முழுவதும் இந்த விதியின் விளக்கம்தான்.

பக்கம் முழுவதும் திரும்பி வந்த காலம்

வலைப்பக்கங்கள் தொடக்கத்தில் இந்த விதிப்படி நடக்கவில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் திரை வெளுக்கும். தலைப்பு, படங்கள், மெனு, பட்டியல், அடிக்குறிப்பு எல்லாம் சர்வரிலிருந்து மறுபடி வரும். பட்டியலில் ஐம்பதாவது வரியைப் படித்துக்கொண்டிருந்தவர் முதல் வரிக்குத் தள்ளப்படுவார்.

1999 மார்ச்சில் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-இல் ஒரு புதிய கருவி இருந்தது. மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் அஞ்சலை உலாவியிலேயே படிக்க வசதி செய்து கொண்டிருந்தவர்கள் உருவாக்கிய கருவி அது. பக்கம் திரையில் இருக்கும்போதே, அதைக் கலைக்காமல், பின்னால் சர்வரோடு பேசிப் பதில் வாங்கிவரும். பிற்பாடு மற்ற உலாவிகளும் எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபிரிக்வெஸ்ட் என்ற பெயரில் அதை ஏற்றுக்கொண்டன. 2004 ஏப்ரல் முதல் தேதி, பக்கத்தைக் கலைக்காமல் இயங்கும் ஜிமெயில் வந்தது. 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ் வந்தது. வரைபடத்தை மவுஸால் இழுத்தால் புதிதாகத் தெரிய வேண்டிய துண்டுகள் மட்டும் வந்து ஒட்டிக்கொள்வதை உலகம் பார்த்தது. அதே பிப்ரவரி 18-ஆம் தேதி ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் என்ற வடிவமைப்பாளர் எழுதிய கட்டுரை, ஏற்கெனவே நடைமுறையில் இருந்த இந்த உத்திகளுக்கெல்லாம் சேர்த்து அஜாக்ஸ் என்று பெயர் வைத்தது. இன்று அதே வேலையை ஃபெட்ச் என்ற எளிய கட்டளையால் செய்கிறோம். எக்ஸ்எம்எல்லுக்குப் பதில் ஜேசான் வடிவத்தில் தரவை வாங்குகிறோம். கருவி மாறினாலும் கொள்கை அதேதான்.

நியாய விலைக் கடை வாசலில் தொங்கும் இருப்புப் பலகையை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பொருள்களின் பெயரும் கட்டங்களும் பெயிண்ட்டில் எழுதியிருக்கும். அளவு மட்டும் சாக்பீஸில். அரிசி குறைந்தால் அரிசிக்கு நேரே உள்ள எண்ணைத் துடைத்து எழுதுவார்கள். பலகையைக் கழற்றிப் புதிதாக பெயிண்ட் அடிப்பவர் யாரும் இல்லை. நல்ல வலைப்பக்கமும் அப்படித்தான். எது பெயிண்ட், எது சாக்பீஸ் என்று தொடக்கத்திலேயே பிரித்துக்கொள்வதில்தான் பாதி வேலை இருக்கிறது.

ஓர் ஏரிப் பட்டியல்

நம் மண்ணிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு எடுத்துக்கொள்வோம். புதுவைப் பகுதியில் 84 ஏரிகள் இருக்கின்றன. பெரியது ஊசுடு ஏரி, அடுத்தது பாகூர் ஏரி. ஊசுடுக்குச் சங்கராபரணியிலிருந்து தண்ணீர் வருகிறது. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் கொண்டுவருகிறது. ஆறு வேறு, வாய்க்கால் வேறு. ஆகவே ஓர் ஏரி நிரம்பும்போது இன்னோர் ஏரி பாதியில் இருக்கும். 84 ஏரிகளின் நீர்மட்டத்தையும் காட்டும் ஒரு பக்கத்தை நீங்கள் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் மாறுவது இரண்டு அல்லது மூன்று ஏரிகளின் எண்ணாகத்தான் இருக்கும். மீதி எண்பதுக்கு மேற்பட்டவை அப்படியே நிற்கும்.

கணக்குப் போடுவோம். யூனிகோடு எழுத்துகளை யு.டி.எஃப்.-8 முறையில் அனுப்பும்போது ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். மெய்யின் புள்ளிக்கும் உயிர்மெய்யின் கொம்புக்கும் காலுக்கும் தனித்தனியே மூன்று மூன்று. 'வில்லியனூர்' என்று எழுதினால் 11 குறிகள், 33 பைட். ஓர் ஏரியின் பெயர், ஊர், நீர்மட்டம், பார்த்த நேரம் இவற்றோடு எச்.டி.எம்.எல். குறிச்சொற்களையும் சேர்த்து உருப்படிக்கு 400 பைட் என்று வைத்தால், பட்டியல் முழுவதும் 33,600 பைட். மாறிய ஒன்றை மட்டும் அனுப்பினால் 400. ஒவ்வொரு கோரிக்கையோடும் போய்வரும் தலைப்புத் தகவலுக்குச் சில நூறு பைட் கூடும். ஜிஜிப் சுருக்கம் முழுப் பட்டியலின் எடையை நன்றாகவே குறைக்கும். இரண்டையும் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசம் பெரிது. தமிழில் பக்கம் செய்பவர்கள் ஆங்கிலத்தில் செய்பவர்களைவிடக் கூடுதலாக இதைக் கவனிக்க வேண்டும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் கரையைக் கடந்தது. புதுவையில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்த நாள்களில் சாத்தனூர் அணை நீரால் தென்பெண்ணை பெருகி, பாகூர் பக்கத்து ஊர்களில் வெள்ளம் புகுந்தது. அப்படிப்பட்ட நாளில் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஊர் முழுக்க ஒரே பக்கத்தை ஒரே நேரத்தில் பார்க்கும். கையில் இருக்கும் செல்போனில் சார்ஜ் குறைவு, சிக்னலும் குறைவு. அந்த நேரத்தில் ஒவ்வொருவருக்கும் முழுப் பட்டியலையும் திரும்பத் திரும்ப அனுப்பும் சர்வர் திணறும். மாறியதை மட்டும் அனுப்பும் சர்வர் அதைவிட எத்தனையோ மடங்கு பேருக்குப் பதில் சொல்லும். பகுதி பகுதியாகப் புதுப்பிப்பதை அழகுக்காகச் செய்யும் வேலை என்று யாராவது சொன்னால், இந்த நாளை நினைவூட்டுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம்

இனி செய்முறைக்கு வருகிறேன். முதல் தேவை அடையாளம். பட்டியலில் உள்ள ஒவ்வோர் உருப்படிக்கும் என்றைக்கும் மாறாத ஓர் எண் வேண்டும். பாகூர் ஏரிக்கு 37 என்று கொடுத்தால், தரவுத்தளத்திலும் 37, சர்வர் அனுப்பும் ஜேசானிலும் 37, பக்கத்தில் அந்த எல்.ஐ. குறிச்சொல்லின் அடையாளமும் ஏரி-37. பதில் வந்ததும் உலாவி ஏரி-37 எங்கே என்று தேடி, அதற்குள் நீர்மட்டம் எழுதிய இடத்தை மட்டும் மாற்றும்.

பலர் இங்கேதான் குறுக்கு வழி எடுக்கிறார்கள். மேலிருந்து ஐந்தாவது உருப்படியை மாற்று என்று எழுதிவிடுகிறார்கள். ஒருவர் அகரவரிசையில் பார்க்கிறார், இன்னொருவர் கொம்யூன் (உள்ளாட்சிப் பகுதி) வாரியாகப் பார்க்கிறார். ஒருவர் பட்டியலில் ஐந்தாவதாக இருப்பது இன்னொருவர் பட்டியலில் பத்தாவது. நடுவே புதிதாக ஒன்று சேர்ந்தாலும் எல்லா இடமும் ஒன்று நகரும். இடத்தை நம்பினால் பாகூர் ஏரியின் எண் வேறோர் ஏரியின் பெயருக்கு நேரே போய் உட்காரும். பக்கம் பழுதானது போலவே தெரியாது. அதனால்தான் இது ஆபத்தான பிழை. வெள்ள நேரத்தில் தவறான ஏரிக்கு நேரே நிற்கும் எண், எண்ணே இல்லாததைவிட மோசமானது.

அடையாளம் கிடைத்ததும், எதை மாற்றுகிறோம் என்பதிலும் கட்டுப்பாடு வேண்டும். உருப்படி முழுவதையும் பிடுங்கிவிட்டுப் புதிதாக நடுவது சுலபம். ஆனால் அந்த உருப்படிக்குள் யாராவது குறிப்பு எழுதிக்கொண்டிருந்தால் அது காணாமல் போகும். கர்சர் இருந்த இடமும் போகும். அதற்குள் இருந்த பொத்தானுக்குக் கட்டியிருந்த கட்டளையும் அதோடு போய்விடும். புதுப் பொத்தான் அழுத்தினால் வேலை செய்யாது. இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, மாறிய எண்ணை மட்டும் மாற்றுவது. இரண்டு, கட்டளையை ஒவ்வொரு பொத்தானிலும் கட்டாமல், பட்டியலைச் சுற்றியுள்ள யு.எல். குறிச்சொல்லில் ஒரே இடத்தில் கட்டுவது. உள்ளே எது வந்தாலும் போனாலும் அழுத்தம் மேலே வந்து சேரும்; எந்த ஏரியின் பொத்தான் என்பதை அடையாள எண் சொல்லிவிடும். இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள்.

வெளியிலிருந்து வரும் எழுத்தை எழுத்தாகவே பக்கத்தில் வையுங்கள், எச்.டி.எம்.எல். ஆக வைக்காதீர்கள். ஒருவர் குறிப்புப் பெட்டியில் ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை ஒன்றை எழுதி அனுப்பினால், இன்னர்எச்.டி.எம்.எல். வழியாக வைக்கும் பக்கம் அதை இயங்க விட்டுவிடக் கூடும். டெக்ஸ்ட்கன்டென்ட் வழியாக வைத்தால் அது வெறும் எழுத்தாகவே நிற்கும். ஊர் மக்கள் நம்பித் திறக்கும் பக்கத்தில் இந்தக் கவனம் கட்டாயம்.

எது புதிது, எது பழையது

அடுத்தது வரிசை. இணையத்தில் முதலில் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் வரும் என்ற உத்தரவாதம் இல்லை. ஒருவர் புதுப்பி என்று அழுத்துகிறார், சிக்னல் இழுக்கிறது, மறுபடி அழுத்துகிறார். இரண்டாவது கேள்விக்கு 2.3 மீட்டர் என்று பதில் வந்து திரையில் ஏறுகிறது. அதற்குப் பிறகு, தாமதமான முதல் பதில் 2.1 மீட்டர் என்று வந்து அதன் மேல் எழுதுகிறது. ஏரி ஏறிக்கொண்டிருக்கிறது, பக்கம் இறங்குவதாகச் சொல்கிறது.

தீர்வு எளிது. சர்வரில் ஒரே ஒரு வரிசை எண் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஏரியில் எந்த மாற்றம் நடந்தாலும் அந்த எண்ணை ஒன்று கூட்டி, மாறிய உருப்படியின் மேல் அதை எழுதுங்கள். திரையில் இருப்பதைவிடச் சின்ன எண்ணோடு ஒரு பதில் வந்தால் உலாவி அதைத் தள்ளிவிட வேண்டும். செல்போனின் கடிகாரத்தை இதற்கு நம்பாதீர்கள்; ஒவ்வொரு போனும் ஒவ்வொரு நேரம் காட்டும். சர்வர் கொடுக்கும் எண் ஒன்றுதான்.

இதே எண் இன்னொரு பெரிய நன்மையையும் தரும். வயலுக்குப் போன ஒருவர் இரண்டு மணி நேரம் சிக்னல் இல்லாமல் இருந்துவிட்டுத் திரும்புகிறார். அவர் போனில் உள்ள கடைசி எண் 340. அது சர்வரிடம் கேட்பது ஒரே கேள்வி: 340-க்குப் பிறகு என்ன மாறியது? சர்வர் ஐந்து உருப்படிகளை ஒரே பதிலில் கட்டி அனுப்புகிறது. கூடவே இப்போதைய எண் 345 என்று சொல்கிறது. ஐந்துக்கும் ஐந்து முறை போய்வர வேண்டியதில்லை. பலவீனமான இணைப்பில் பைட்டின் எண்ணிக்கையைவிடப் போய்வரும் தடவைகளின் எண்ணிக்கைதான் அதிக நேரத்தைத் தின்னும். எதுவும் மாறவில்லை என்றால் சர்வர் 304 என்ற குறியை மட்டும் திருப்பினால் போதும். ஹெச்.டி.டி.பி. நெறிமுறையிலேயே இதற்கு இடம் இருக்கிறது.

நீக்கம்தான் பலரும் மறந்துவிடும் மாற்றம். பட்டியலில் ஓர் உருப்படியை எடுத்துவிட்டீர்கள். மாறியவற்றை மட்டும் அனுப்பும் முறையில், இல்லாமல் போனதை எப்படி அனுப்புவது? தரவுத்தளத்திலிருந்து அழித்துவிட்டால் சொல்வதற்கு அங்கே எதுவும் இருக்காது. மக்களின் திரையில் அது என்றைக்கும் நின்றுகொண்டே இருக்கும். ஆகவே உடனே அழிக்காமல், இந்த எண்ணுள்ள உருப்படி நீக்கப்பட்டது என்று ஒரு குறிப்பை வரிசை எண்ணோடு வைத்திருங்கள். அதைப் பெறும் உலாவி தன் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். உதவித்தொகைப் பட்டியல், பயனாளிகள் பட்டியல் போன்றவற்றில் இது இன்னும் முக்கியம். ஒருவர் பெயர் சேர்ந்ததும் நீங்கியதும் இரண்டும் சரியாகத் தெரிய வேண்டும்.

இருவர் ஒரே நேரத்தில் எழுதும்போதும் இதே எண் காவல் நிற்கும். ஏரியைப் பார்த்துவந்த இருவர், ஒருவர் காலை அளவையும் ஒருவர் மதிய அளவையும், ஒரே உருப்படியில் பதிகிறார்கள். தாம் திறந்தபோது இருந்த எண்ணையும் சேர்த்து அனுப்பினால், இடையில் வேறொருவர் மாற்றிவிட்டார் என்பது சர்வருக்குத் தெரியும். அது பின்னால் வந்ததை ஓசையில்லாமல் மேலே எழுதாமல், இரண்டையும் காட்டிக் கேட்கும். உருப்படியின் ஒரு பகுதியை மட்டும் மாற்றச் சொல்வதற்கு பேட்ச் என்ற தனி முறையே 2010-இல் ஆர்.எஃப்.சி. 5789 மூலம் வரையறுக்கப்பட்டது. நீர்மட்டத்தை மாற்ற வந்தவர் ஏரியின் பெயரையும் பரப்பையும் சேர்த்து அனுப்பத் தேவையில்லை.

பார்ப்பவரின் பக்கம் நின்று

இதுவரை சொன்னது கணினியின் கணக்கு. இனிச் சொல்வது பார்ப்பவருக்கு நாம் செய்ய வேண்டியது.

முதலாவது, உண்மை. பக்கம் முழுவதும் திரும்பி வந்த பழைய முறையில் ஒரு நல்லது இருந்தது: இணைப்பு அறுந்தால் உலாவி உடனே சொல்லிவிடும். அஜாக்ஸில் பின்னால் நடக்கும் பேச்சு தோற்றால், நாம் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. பழைய எண் புதிது போலவே திரையில் நிற்கும். ஆகவே ஒவ்வோர் ஏரியின் அருகிலும் அளவெடுத்த நேரத்தை எழுதுங்கள். சர்வரோடு பேச முடியாதபோது 'இணைப்பு இல்லை. இது காலை 6 மணி நிலவரம்' என்று தமிழில் தெளிவாகக் காட்டுங்கள். யாராவது ஓர் அளவைப் பதிந்தால், சர்வர் ஏற்றுக்கொள்ளும்வரை 'அனுப்பப்படுகிறது' என்று இருக்கட்டும். ஏற்ற பிறகே 'பதிந்தது' என்று மாறட்டும். தோற்றுப்போனால் அவர் எழுதியது அழியக் கூடாது. மறுபடி அனுப்ப ஒரு பொத்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது, அவர் பார்த்துக்கொண்டிருக்கும் இடம். நீர்மட்டத்தின்படி வரிசைப்படுத்திய பட்டியலில் ஓர் எண் மாறினால் அந்த ஏரி மேலே ஏற வேண்டும்தான். ஆனால் ஒருவர் அழுத்தப் போகும் நொடியில் பட்டியல் நகர்ந்தால் அவர் விரல் வேறோர் ஏரியின் மேல் விழும். எண்ணை அதே இடத்தில் மாற்றுங்கள். வரிசை மாறியிருக்கிறது என்று சொல்லி, அவர் அழுத்தும்போது மட்டும் வரிசையை மாற்றுங்கள். மாறிய உருப்படி சில நொடிகள் வேறு நிறத்தில் தெரிந்தால், எது மாறியது என்று தேட வேண்டியிருக்காது.

மூன்றாவது, கண்ணால் பார்க்காமல் காதால் கேட்பவர். பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் கொண்டு பக்கங்களைப் படிக்கிறார்கள். பக்கத்தின் ஒரு மூலையில் ஓர் எண் மாறினால் திரைவாசிப்பானுக்கு அது தானாகத் தெரியாது. அரியா-லைவ் என்ற குறியை ஓரிடத்தில் வைத்து, அங்கே 'பாகூர் ஏரி, 2.3 மீட்டர்' என்று எழுதினால், அவர் கேட்டுக்கொண்டிருக்கும் வாக்கியம் முடிந்ததும் அதைச் சொல்லும். 84 ஏரிகளுக்கும் அந்தக் குறியை வைத்தால் இடைவிடாமல் பேசிக்கொண்டே இருக்கும். ஆகவே அளவோடு வையுங்கள். வீராம்பட்டினம் கரையில் ஒலிபெருக்கி வைத்தவர்கள் எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்றுதான் வைத்தார்கள். அதே அக்கறை திரையிலும் வேண்டும்.

நான்காவது, ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலும் பக்கம் நடக்க வேண்டும். பழைய போனாக இருக்கலாம்; இணைப்பு மோசமாகி ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு மட்டும் வந்து சேராமல் போயிருக்கலாம். முதலில் சர்வரே முழுப் பட்டியலையும் எச்.டி.எம்.எல். ஆகக் கொடுக்கட்டும். படிவங்கள் சாதாரணப் படிவங்களாகவே வேலை செய்யட்டும். அதன் மேல் அஜாக்ஸைப் போர்த்துங்கள். வெறும் சட்டம் மட்டும் வந்து, உள்ளே எதுவும் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் பக்கம், ஊர்க்காரரின் டேட்டாவையும் வாங்கிக்கொண்டு அவருக்கு எதையும் தராத பக்கம்.

எங்கே வேண்டாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பத்து உருப்படி உள்ள, வாரத்துக்கு ஒரு முறை மாறும் பட்டியலுக்கு இத்தனை ஏற்பாடு தேவையில்லை. முழுப் பக்கம் திரும்பி வந்தாலே போதும். நீளமான பட்டியல், அடிக்கடி மாறும் சில வரிகள், மெல்லிய இணைப்பு, பலர் பார்க்கும் நேரம் ஆகியவை கூடும் இடத்தில்தான் இந்த முறை தன் முழுப் பலனையும் தரும். அப்போதும் நாளுக்கு ஒரு முறையாவது முழுப் பட்டியலையும் வாங்கிச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. துண்டு துண்டாக வரும் மாற்றங்களில் ஒன்று தவறியிருந்தால் அப்போது சரியாகிவிடும்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள்

இங்கே இருக்கும் மாணவர்களிடம் கேட்கிறேன். இதற்கு விலை உயர்ந்த மென்பொருள் எதுவும் வேண்டாம். உலாவியும் எடிட்டரும் கட்டற்ற மென்பொருளில் ஒரு சின்ன சர்வரும் போதும். வில்லியனூர் கொம்யூனிலோ பாகூர் கொம்யூனிலோ நீங்கள் நன்றாக அறிந்த ஒரு பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரியாக இருக்கலாம், தடுப்பூசி முகாமாகவோ, ஊருக்கு வரும் பேருந்துகளாகவோ, நெல் கொள்முதல் நிலவரமாகவோ இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மாறாத அடையாளம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் வரிசை எண், நீக்கத்துக்கும் ஒரு குறிப்பு, தோல்வியை மறைக்காத ஒரு வரி. இந்த நான்கும் இருக்கும்படி செய்யுங்கள்.

செய்து முடித்ததும் கல்லூரி வைஃபையில் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். பாகூருக்குத் தெற்கே சிக்னல் தடுமாறும் ஓரிடத்துக்கு, வீட்டிலேயே மிகப் பழைய போனை எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே அழுத்திப் பாருங்கள். நடுவில் டேட்டாவை அணைத்துப் பாருங்கள். உங்கள் ஊரில் வயதில் மூத்த ஒருவரிடம் கொடுத்து, எது மாறியது என்று அவருக்குத் தெரிகிறதா என்று கேளுங்கள். 1998-இல் வில்லியனூரில் வேலை பார்த்தவர்கள் ஊர் ஊராகப் போய், உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று முதலில் கேட்டார்கள். கணினி அதற்குப் பிறகுதான் போனது. அந்த வரிசை இன்றைக்கும் சரியானது.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி வந்தால் நம் ஏரிகள் ஒவ்வொன்றாக நிரம்பும். ஓர் ஏரி நிரம்பிக் கலிங்கல் வழியும் நேரத்தில், அதன் கீழே இருக்கும் ஊருக்கு அந்த ஒரு செய்தி உடனே போய்ச் சேர வேண்டும். அதற்கான அறிவு உங்கள் கையில் இருக்கிறது, கருவியும் இருக்கிறது. அடுத்த வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் ஒரு பட்டியலையாவது இப்படிச் செய்து ஊருக்குக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.